தங்கமீனுக்கு ஒரு விண்கலம்

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே முக்கால் மணி. வெயில் வந்துவிட்டது, பனி முழுதாக விலகவில்லை. வாசலில் நின்ற என் சைக்கிள் சீட்டின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தனம் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, ராக்கெட்டு கொண்டாந்திருக்கேன்."

"என்னது?"

"பிளாஸ்டிக் ராக்கெட்டுண்ணே. பீஸு பீஸா இருக்குது. நீங்க அத ஒட்டணும். ஒட்டிட்டு வெட்டணும்."

உள்ளேயிருந்து என் மனைவி சரோஜா கேட்டாள். "வெட்டறதுக்கு எதுக்குடி ஒட்டணும்?"

தனம் என்கிற தனலட்சுமி, நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் வார்ப்புப் பிரிவில் இருந்தவள். இப்போது விருத்தாசலத்திலேயே சொந்தமாகச் சின்ன யூனிட் நடத்துகிறாள். ஒரு கேஸ் சூளை, ஏழு பெண்கள், கொலு பொம்மை வியாபாரம். தை பிறந்தால் ஆடி வரை கொலு பொம்மையை யாரும் கேட்க மாட்டார்கள். சூளை தூங்கும். பெண்கள் முந்திரி உடைக்கப் போய்விடுவார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. முந்தின வருடம் ஒன்பது பேர் போய் ஏழு பேர் வந்தார்கள். இந்த வருடமும் இரண்டு பேர் நின்றுவிட்டால் கொலு ஆர்டரையே எடுக்க முடியாது என்று பொங்கலன்றுகூடச் சொல்லிப் புலம்பினாள்.

அந்த நேரத்தில் சென்னையிலிருந்து காதர் பாய் என்கிற மீன்தொட்டி வியாபாரி அவளைத் தேடி வந்திருக்கிறார். தொட்டிக்குள் வைக்கிற கோட்டை, உடைந்த பானை, பாலம் எல்லாம் விற்பவர். இப்போது பிள்ளைகள் விண்கலம் கேட்கிறார்களாம். துண்டுகளை ஒட்டிச் செய்கிற வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட் ஒன்றைக் கொடுத்து, "இத மாதிரி வேணும்மா, ஆனா இதுவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கார்ட்டூன் பொம்மையை அப்படியே அச்செடுத்த ஒரு யூனிட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்த கதை தனத்துக்கும் தெரியும். ஆகவே இந்த விண்கப்பலை உருமாற்றி, யாரும் சொந்தம் கொண்டாட முடியாத புதுக் கப்பலாக ஆக்க வேண்டும். மாதிரி பிடித்தால் அறுநூறு உருப்படி. ஆடி வரை சூளை எரியும்.

"எனக்கு அறுபத்தெட்டு வயசு ஆவுது தனம். கை நடுங்குது."

"நடுங்கட்டும்ணே. ராக்கெட்டுன்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்."

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், சென்ற மாதம் எங்கள் ஊர் பீங்கான் தொழில் செய்பவர்கள் கூடியபோது இளைஞர்கள் கேட்ட கேள்வி. கம்ப்யூட்டரில் வரைந்தால் மெஷினே மாடலை அடித்துக் கொடுக்கிறது, நீங்கள் கையால் எப்படிச் செய்தீர்கள் என்றார்கள். மேடையில் எனக்கு நாலு நிமிடம் கொடுத்தார்கள். அதில் ஒன்றரை நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் படித்தது செராமிக் டிப்ளமோ. கம்பெனியில் சேர்ந்தது 1976. முதல் ஆறு மாதம் பிளாஸ்டர் கலக்கினேன், அடுத்த ஒரு வருடம் அச்சு கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. நகக்கண் எரியும், அவ்வளவுதான். பிறகு மாடல் பிரிவுக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான், எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு வருடம்.

மாடல் பிரிவில் ஃபோர்மேன் அரங்கநாதன். அவர் திட்டி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. செய்துகொண்டுபோன மாடலை மடியில் வைத்துக்கொள்வார். வலது கையைத் தண்ணீரில் நனைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மெதுவாக மாடலைச் சுற்றி வருவார். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ஏன் என்று சொல்ல மாட்டார். பள்ளமா, மேடா, அச்சில் மாட்டிக்கொள்ளும் வளைவா, அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை ஒரு ஊறுகாய் ஜாடி மாடலை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வந்து புள்ளிகளை எண்ணினேன். பதினொன்று. பதினொன்றையும் சரிசெய்து கொண்டுபோனேன். "பன்னெண்டு" என்றார். பன்னிரண்டாவது அடிப்பாகத்தில் இருந்தது.

எங்கள் வேலையின் அடிப்படைச் சங்கதி ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். களிமண் காயும்போது சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும். எங்கள் மண்ணுக்கு எட்டு அங்குலப் பாத்திரம் வேண்டுமென்றால் ஒன்பது அங்குல மாடல் செய்ய வேண்டும். அதற்காக எங்களிடம் தனியாக ஒரு ஸ்கேல் உண்டு. அதில் ஓர் அங்குலம் என்று போட்டிருப்பது உண்மையில் ஓர் அங்குலமும் அரைக்கால் அங்குலமும். சுருக்க ஸ்கேல் என்போம். நான் ஓய்வு பெற்றபோது வீட்டுக்கு எடுத்துவந்த ஒரே பொருள் அதுதான். அதுவும் நானே பித்தளையில் கீறிச் செய்தது.

நான் தனியாகச் செய்த முதல் மாடல் ஒரு டீ கப். உடம்பு முழுவதையும் சுருக்க ஸ்கேல் வைத்துச் செய்தேன். கைப்பிடிக்கு மட்டும், ஸ்டோரில் இருந்த ஒரு நல்ல கப்பின் கைப்பிடியைத் தாளில் வைத்து வரைந்து எடுத்துக்கொண்டேன். அது ஏற்கெனவே வெந்து சுருங்கிய கப் என்பது எனக்குத் தோன்றவில்லை. நாற்பத்தெட்டு கப் வெந்து வந்தன. ஃபோர்மேன் ஒன்றை எடுத்துக் கைப்பிடியில் விரலை விட்டார். முதல் கணுவோடு நின்றது. பிரிவில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு கப்பைக் கொடுத்தார். ஒருவரைத் தவிர யார் விரலும் போகவில்லை. மெலிந்த அவர் விரல் போய்விட்டு வெளியே வரவில்லை. சோப்பு போட்டு எடுத்தோம்.

"மண்ணு சுருங்கும் தம்பி" என்றார் ஃபோர்மேன். "குடிக்கிறவன் வெரலு சுருங்காது."

பிறகு மரச்சுத்தியை என் கையில் கொடுத்தார். "நீயே ஒட. எண்ணிக்கிட்டே ஒட."

கம்பெனியில் அதுதான் சட்டம். தேறாத உருப்படி ஒன்றுகூட வாசல் கேட்டைத் தாண்டக் கூடாது. செய்தவனே உடைக்க வேண்டும். சத்தமாக எண்ணி நாற்பத்தெட்டையும் உடைத்தேன். அந்தப் பழக்கமோ என்னவோ, இன்றைக்கும் படிக்கட்டை எண்ணாமல் என்னால் ஏற முடியாது. தேறினது கடைக்குப் போகும், தேறாதது தூளாகும் என்பதால் என் வீட்டுக்கு ஒரு கப்கூட வந்ததில்லை. சரோஜா இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். "முப்பத்தெட்டு வருசம் பீங்கான் கம்பெனி. இந்த வூட்ல டீ குடிக்கிறது எவர்சில்வர் டம்ளர்ல."

இனி விண்கலம். பெட்டியில் 214 உறுப்புகள் என்று அச்சிட்டிருந்தது. எண்ணினேன், 212. மறுபடி எண்ணினேன், 212. வெளிநாட்டுக்காரனும் ஏமாற்றுகிறான் என்று சத்தம் போட்டேன். ஒன்று கோரைப்பாய்க்கு அடியில் இருந்தது. இன்னொன்றை சரோஜா என் சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். "நல்லவேள, தொவைக்கப் போட்டிருந்தா ராக்கெட்டு நொண்டியா போயிருக்கும்."

ஒட்டுவதற்கு நான்கு நாள். முடித்துப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. நீண்ட மூக்கு, கத்தி மாதிரி இரண்டு இறக்கை, முதுகில் துப்பாக்கிகள், ஊசி ஊசியாகக் கம்பங்கள். ஐந்தாம் நாள் ரம்பத்தை எடுத்தேன்.

இறக்கை போனது. அவ்வளவு மெல்லிய தகடு சூளைச் சூட்டில் வாழையிலை மாதிரி தொங்கிவிடும். துப்பாக்கிகள் போயின, அவை அச்சில் மாட்டிக்கொண்டால் உருப்படி வெளியே வராது. கம்பங்கள் போயின, வேகும்வரை அவற்றில் ஒன்றும் நிற்காது. மூக்கைப் பாதியாகக் குறைத்தேன், மீன் முட்டிக்கொள்ளும். வயிற்றில் பெரிய ஜன்னல் வெட்டினேன், மீன் அதன் வழியாக நுழைய வேண்டும். வெட்டி முடித்ததை மேசையில் வைத்தபோது சரோஜா காபி கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கத்திரிக்கா மாதிரி இருக்குது" என்றாள்.

உண்மைதான். என்ன சேர்ப்பது என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கொல்லையில் பழைய மின்கம்பத்து பாபின் இன்சுலேட்டர் இரண்டு கிடந்தன. இடுப்பு சிறுத்து, நூல்கண்டு உருளை மாதிரி இருக்கும். அவற்றைப் பக்கத்துக்கொன்றாக வைத்துப் பார்த்தேன். கத்திரிக்காய்க்குத் தோள் வந்தது. ஆனால் அவை வெந்து முடிந்த பீங்கான். ஆகவே அளவெடுத்து, சுருக்க ஸ்கேலில் கூட்டி, பிளாஸ்டரில் பெரிதாகக் கடைந்து ஒட்டினேன். முதுகில் சோப்பு டப்பா மூடியைப் போல ஒரு மேடை, அதன்மேல் பற்பசை மூடி வடிவில் ஒரு கோபுரம், இவையும் அப்படியே கூட்டிச் செய்தவை. உடம்பில் இருந்த மயிரிழைக் கோடுகளையெல்லாம் ஆழமாகக் கீறினேன். மேலே பூசும் கிளேஸ் உருகி ஓடும்போது மெல்லிய கோடு அடைந்துபோகும்.

அந்த நாட்களில் ஒன்று தோன்றியது. புதிதாக ஒன்றை உருவாக்குவது என்றால் உட்கார்ந்து கற்பனை செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நான் ஒன்றும் செய்யவில்லை. மண்ணுக்கு ஆகாததை வெட்டினேன், மீனுக்கு ஆகாததை வெட்டினேன், வெட்டின இடம் அசிங்கமாக இருந்தது என்று ஒன்றை வைத்து மறைத்தேன். இந்த மூன்றும் முடிந்தபோது, உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு கப்பல் மேசைமேல் நின்றது.

பின்பக்கத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அங்கே நெருப்பு கக்குகிற குழாய்க்காக கிட்டிலேயே ஒரு வளையம் இருந்தது. உள்விளிம்பில் பல் பல்லாக, அவ்வளவு நேர்த்தி. காதர் பாய் மீன் வெளியேற நாலரை சென்டிமீட்டர் வழி கேட்டிருந்தார். கேலிப்பர் வைத்து வளையத்தை அளந்தேன். நாலரை. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் நாலரை. சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் அங்கே செய்ததும் இவர் இங்கே கேட்டதும் எப்படிப் பொருந்துகிறது பார் என்று சந்தோஷப்பட்டேன்.

மாடலின்மேல் நாலு துண்டாகப் பிளாஸ்டர் அச்சு எடுத்துக் கொடுத்தேன், தனத்தின் பெண்கள் அதில் களிமண் கூழை வார்த்தார்கள். வளையத்தின் உள்விளிம்பை ஒட்டிக் கத்தி விட்டு வழியைத் திறந்தார்கள். மீன் உரசிக்கொள்ளாமல் எல்லா ஓரத்தையும் ஈரப் பஞ்சால் மழுக்கினார்கள். மூன்று கப்பல்கள் வெந்து வந்தன. சாம்பல் நிறம், ஜன்னலுக்கு மட்டும் மஞ்சள். தனம் அவற்றை வைக்கோலில் சுற்றி, அறுநூறு உருப்படியும் அதற்குள் இருப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் சென்னை வரை ஆடாமல் அசையாமல் வந்தாள்.

நாங்கள் இருவரும் போன கடை சென்னை கொளத்தூரில். காதர் பாய் கப்பலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூப்பரா கீது பெரியவரே. நம்ப கிட்டு எங்க? அடையாளமே தெர்லயே!" என்றார். தனம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஆனா ஒரு டெஸ்ட்டு. மீனு உள்ள பூந்து வெளிய வரணும். வரலன்னா இது வெறும் பொம்ம."

பெரிய தொட்டியில் கப்பலை இறக்கினார். அதில் இருந்தது ஒரே ஒரு தங்கமீன், எலுமிச்சம்பழ அளவு வயிறு. அது கடைக்கு ராஜா என்றார்; விற்பதில்லை. நாங்கள் மூன்று பேரும் மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றோம். மீன் மூக்கைச் சுற்றியது. தோளைச் சுற்றியது. வயிற்று ஜன்னல் வழியாக உள்ளே போனது. பின்பக்க வளையத்தில் தலை வந்தது, கண் வந்தது. அதோடு நின்றது.

"வருது, வருது" என்றார் பாய்.

வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. துடுப்பு மடங்கி இருந்ததால் பின்னாலும் போக முடியவில்லை. கப்பல் லேசாக ஆடியது.

எனக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. நாலரை இப்போது நாலு. எல்லாவற்றையும் கூட்டிச் செய்தவன், ஆயத்தமாகக் கிடைத்த வளையத்தைக் கூட்டாமல் ஒட்டியிருக்கிறேன். முப்பத்தெட்டு வருடத்தில் கடையில் வாங்கிய பொருளை மாடலில் ஒட்டியதே இல்லை. அதனால் அது என் கண்ணில் அளவாகப் பட்டதே தவிர சுருங்கப்போகிற மண்ணாகப் படவில்லை.

"அண்ணே, என்னண்ணே இப்படி முழிக்குது?" என்றாள் தனம். மீனைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா தெரியவில்லை.

"சோப்பு போடலாமா?" என்றேன்.

"மீனுக்கா?" என்று கத்தினார் பாய்.

"ஒரு ஸ்பேனர் குடுங்க. நானே உடைக்கிறேன்."

தனத்தைக் கப்பலை இரண்டு கையாலும் பிடித்து, வளையத்தின் மேல்விளிம்பு மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும்படி தூக்கச் சொன்னேன். நாலு துண்டு அச்சு அது. துண்டுகள் சேரும் கோடு எங்கே வரும் என்பது எனக்குத் தெரியும், அந்தக் கோட்டில் சுவர் மெலிந்திருப்பதும் தெரியும். ஒரு தட்டு, ஒன்றுமில்லை. இரண்டாவது தட்டில் விரிசல் கோட்டோடு ஓடி வளையம் இரண்டாகப் பிளந்தது. மீன் தண்ணீருக்குள் நழுவி மூலையில் போய் ஒருக்களித்துக் கிடந்தது.

மீனின் செவுள் திறப்பதை எண்ணினேன். முப்பத்தொன்றாவது திறப்பில் நிமிர்ந்தது. வாலை ஒருமுறை அடித்துவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

காதர் பாய் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பெரியவரே, ஒடைச்சத நல்லா ஒடைச்சீங்க. செஞ்சத ஏன் இப்டி செஞ்சீங்க?"

வளையத்தின் கதையைச் சொன்னேன். மண் சுருங்கும், மீன் சுருங்காது என்றேன்.

"நாங்க மீனு மேல பழிய போட்டிருக்கலாம் பாய்" என்றாள் தனம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உங்க ராஜா கொஞ்சம் ஜாஸ்தியா தின்றாருன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கப்பலை மேசைமேல் வைத்துக்கொண்டார். "உருவம் புட்ச்சிக்கிச்சி. ரெண்டு வாரம் டைம். என் ராஜா பூந்து வரட்டும், ஆர்டரு உங்களுது. இல்லன்னா வடக்க வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், வருத்தப்படக் கூடாது."

திரும்பும் ரயிலில் தனம் மிச்சமிருந்த ஒரு கப்பலை விழுப்புரம் வரை வைக்கோலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு, "ரெண்டு வாரத்துல அச்சு காயுமாண்ணே?" என்றாள். காயும் என்றேன். அன்று இரவே மாடலின் வாலை வெட்டி எறிந்தேன். ஐந்து சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டி ஒரு புது வளையத்தை சுருக்க ஸ்கேலில் அளந்து கடைந்தேன். பெரிய வளையத்துக்கு ஏற்ப வால் விரிந்தது. விரிந்த பிறகுதான் அந்தக் கப்பல் எங்கோ புறப்படப் போகிறது என்று தோன்றியது. ஒட்டியதும் மடியில் வைத்து, கையை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் சுற்றினேன். மூன்று இடத்தில் நின்றது. மூன்றையும் சரிசெய்தேன். பிறகு கவிழ்த்து அடியையும் பார்த்தேன்.

இரண்டாவது முறை தனம் மட்டும் சென்னைக்குப் போனாள். எனக்கு மீனைப் பார்க்கத் தைரியம் இல்லை. மத்தியானம் போன் வந்தது. "பூந்துடுச்சிண்ணே! பூந்து, வெளிய வந்து, மறுபடியும் பூந்துடுச்சி! வெளிய வர மாட்டேங்குது, அதுக்குப் புடிச்சிப்போச்சாம்!" அந்த வருடம் ஆடி வரை சூளை எரிந்தது. ஏழு பேரில் ஒருத்திகூட முந்திரிக்குப் போகவில்லை.

இளைஞர்களுக்கு என் பதில் இதுதான். மெஷின் அடிக்கட்டும், நல்லதுதான். இந்த வயதில் எனக்கே அப்படி ஒன்று இருந்தால் தேவலை. ஆனால் மெஷினிலும் அளவைக் கூட்டிப் போடப்போவது நீங்கள்தான். எங்கிருந்தாவது ஒரு துண்டை எடுத்து அப்படியே ஒட்டும்போது, அது ஏற்கெனவே சுருங்கியதா, இனிமேல் சுருங்கப்போவதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அளவு பொருந்தினால் சந்தோஷப்படாதீர்கள். நான் சந்தோஷப்பட்டேன்.

மூன்று மாதிரிகளில் ஒன்றை உடைத்தாயிற்று, ஒன்று பாயிடம் நின்றுவிட்டது. மூன்றாவது என்னிடம் வந்தது. தேறாத உருப்படி, செய்தவன்தான் உடைக்க வேண்டும். கொல்லையில் சாக்கை விரித்து அதன்மேல் வைத்து மரச்சுத்தியை எடுத்தேன். சரோஜா வந்து கப்பலைத் தூக்கிக்கொண்டாள்.

"கம்பெனி கேட்டு எங்க இருக்குது இங்க? இது என் வூடு."

"சின்ன ஓட்டை. மீன் மாட்டிக்கும்."

"சின்ன மீனா வாங்கியாங்க."

அட்டையில் நாலு சென்டிமீட்டருக்கு ஒரு வட்ட ஓட்டை வெட்டி எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். இதில் தாராளமாக நுழைகிற மீன் கொடு என்றேன். கடைக்காரர் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் இரண்டைக் காட்டினார். இவை எவ்வளவு வளரும் என்று கேட்டேன். இதுக்கு மேல வளராது சார் என்றார். எழுதித் தருவாயா என்றேன். சிரித்தாரே தவிர எழுதித் தரவில்லை.

இதை எழுதும் இந்த நேரத்தில் அவை இரண்டும் வளையத்தில் போய் வந்துகொண்டிருக்கின்றன. சரோஜா நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு எவர்சில்வர் டம்ளரில் டீ குடிக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை அட்டையைக் கண்ணாடிமேல் வைத்து மீன்களை அளக்கிறேன். வளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளிடம் கேட்டேன்.

"வளந்தா கப்பல ஒடைங்க. அதான் உங்களுக்கு வருமே."

தொட்டி, காற்று மோட்டார், கூழாங்கல், மீன் இரண்டு, எல்லாம் சேர்த்து, அந்த ஒரு கப்பலை உடைக்காமல் விட்டதற்கு ஆன செலவு ஆயிரத்து நூற்று முப்பது ரூபாய்.